இரண்டு நட்சத்திரம், அதுவும் அடித்தட்டுக்காக: கினிப் பன்றித் தொடக்கப் பெட்டியின் ஏழு மாதக் கணக்கு

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஒன்று கூண்டின் அடித்தட்டுக்கு, இன்னொன்று தண்ணீர் பாட்டிலுக்கு. மற்றதெல்லாம் பெட்டி நிறைவாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே போட்டவை. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது ஏறக்குறைய இதே சாமான்களை வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் பலரும் விற்கிறார்கள் என்று தெரிந்தது. பெட்டியின் மேல் 'இரண்டு கினிப் பன்றிகளுக்குத் தேவையான எல்லாமே உள்ளே' என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது இதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதுவது என் தொழில். பிராணி வளர்த்துப் பழக்கம் கிடையாது. மகள் இரண்டு வருடமாகக் கேட்டாள், நான் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டேன். கடைசியில் தெரிந்தவர் வீட்டில் பிறந்த இரண்டு பெண் குட்டிகள், ஒரே ஈற்றில் வந்த அக்கா தங்கை, நான்கு மாத வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒன்று முழுக் கறுப்பு, கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அது பொத்தான். இன்னொன்று பழுப்பும் வெள்ளையும், வரும்போதே உருண்டை. அது திண்டு. அகராதியில் இந்தப் பிராணிக்குச் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் உண்டு என்பதை நான் வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பெட்டிக்குள் இருந்தவை: கம்பிக் கூண்டு, ஆழமான பிளாஸ்டிக் அடித்தட்டு, கூண்டுக்குள்ளேயே மாடி மாதிரி ஒரு கம்பித் தட்டு, அதற்கு ஏணி, ஒற்றை வாசல் வைத்த பிளாஸ்டிக் வீடு, தண்ணீர் பாட்டில், ஒரு கிண்ணம், ஒரு பை மரச்சீவல், ஒரு பை கலவைத் தீனி, உப்புக்கட்டி, வைட்டமின் சி சொட்டு மருந்து, உள்ளே விட்டு உருட்டுவதற்கான பிளாஸ்டிக் பந்து, ஒரு கையேடு. உலர்ந்த புல் இல்லை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை. சாமான் பட்டியலைச் சரிபார்ப்பதே பிழைப்பாக இருந்தும், பட்டியலில் இல்லாததைப் பார்க்கத் தெரியவில்லை.

முதலில் கூண்டு. நீளம் 72 செ.மீ., அகலம் 42 செ.மீ. பெருக்கினால் சுமார் மூன்றேகால் சதுர அடி. இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி வேண்டும், பத்தரை இருந்தால் நல்லது என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அதாவது குறைந்தபட்சத்தில் பாதி கூட இல்லை. மாடித் தட்டையும் சேர்த்து 'இரட்டை இடம்' என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். கினிப் பன்றி ஏறுகிற பிராணி அல்ல, ஓடுகிற பிராணி. தரையில் நேர்கோட்டில் ஓட இடம் வேண்டும், மாடி அந்தக் கணக்கில் சேராது. போதாததற்கு அந்த மாடி முழுக்கக் கம்பி வலை. முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று விரல், உள்ளங்கால் ரோமமே இல்லாமல் மெத்தென்று இருக்கும். அந்தக் காலைக் கம்பியில் வைத்தே நாள் முழுக்க நின்றால் புண் வரும், சீழ் பிடிக்கும், ஆற மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது வாரமே தட்டைக் கழற்றிவிட்டேன். அதில் இப்போது குடைகள் இருக்கின்றன.

முதல் நாள் சாயங்காலம் கூண்டைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவை இரண்டும் பிளாஸ்டிக் வீட்டுக்குப் பின்னால், ஒன்றின் முகத்தை இன்னொன்றின் வயிற்றில் புதைத்துக்கொண்டு, அசையாமல். மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. கண் திறந்தே இருந்ததால் விழித்திருக்கின்றனவா தூங்குகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. கையேட்டில் 'முதல் நாளிலிருந்தே கையில் எடுத்துப் பழக்குங்கள்' என்று இருந்தது. மகள் மேலிருந்து கையை நீட்டினாள். கூண்டுக்குள் வெடி வெடித்த மாதிரி ஆனது. இரண்டும் சுவரில் மோதி, கிண்ணத்தைக் கவிழ்த்து, மறுபடி அதே மூலையில் போய்ச் சிலையாகிவிட்டன. மகள் அழுதாள். மேலிருந்து இறங்குகிற கை அவற்றுக்குக் கை அல்ல, பருந்து. இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி கூண்டின் பாதியைப் பழைய போர்வையால் மூடினேன், விளக்கைக் குறைத்தேன், அதே அறையில் என் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பதினொன்றரை மணிக்குக் கரக் கரக் என்று ஒரு சத்தம். தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்தபோது அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் உலர்புல் கொடுத்திருந்தார், அதைத் தின்னும் சத்தம். திரும்பிப் பார்த்தேன், நின்றது. கணக்கில் தலையைக் குனிந்தேன், மறுபடி கரக் கரக். அதன் பிறகு நாலைந்து நாள் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: அதே அறையில் இருந்தோம், வழக்கமான குரலில் பேசினோம், கையை உள்ளே விடவில்லை. ஒன்பதாம் நாள் மகள் தரையோடு தரையாக உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டினாள். பொத்தான் உடம்பை அப்படியே பின்னால் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் ரப்பர் மாதிரி நீட்டி, தண்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிப்போனது. அதற்குப் பெட்டியில் இருந்த எதுவும் உதவவில்லை.

பிளாஸ்டிக் வீட்டுக்கு வருகிறேன். அழகான பொருள், ஜன்னல் எல்லாம் வரைந்திருக்கிறது. ஆனால் வாசல் ஒன்று. திண்டு உள்ளே போய் வாசலை நோக்கித் திரும்பி உட்கார்ந்துவிடும், பொத்தான் வெளியே நிற்கும். ஒருவேளை இரண்டும் உள்ளே இருந்தால், திண்டு வாசலில் உட்கார, பொத்தான் வெளியே வர வழியில்லாமல் பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு கிடக்கும். பல் கடகடத்தால் கோபம் என்று அர்த்தம். ஒளிகிற இடம் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். இரண்டு செருப்புப் பெட்டியை எடுத்து எதிரெதிரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். சண்டை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அட்டையைத் தின்றுவிடும், வாரம் ஒன்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் தீனிப் பை. மக்காச்சோளம், ஓட்டோடு சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாக ஏதோ பிஸ்கட் துண்டு, நடுவில் கொஞ்சம் பழுப்பு நிறப் பெல்லட், அதாவது அழுத்திச் செய்த தீனி உருளை. கையேட்டின்படி கிண்ணம் நிறையப் போட்டேன். திண்டு கிண்ணத்தை மறித்து உட்கார்ந்து வண்ணத் துண்டுகளையெல்லாம் பொறுக்கித் தின்றது. பெல்லட் அப்படியே கிடந்தது. பொத்தானுக்கு மிஞ்சியது விதை ஓடுதான்.

வந்த அன்றே சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து இரண்டையும் எடை போட்டிருந்தேன். அக்கறையால் அல்ல, தொழில் பழக்கத்தால். திண்டு 585 கிராம், பொத்தான் 540. நாலாம் நாள் திண்டு 590, பொத்தான் 521. ஏழாம் நாள் திண்டு 602, பொத்தான் 498. வளருகிற வயதில் ஏழு நாளில் 42 கிராம் குறைவு, உடம்பில் ஏறக்குறைய எட்டு சதவீதம். பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. அதே பளபளப்பு, அதே சுறுசுறுப்பு. நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கையேடு என்ன சொன்னது தெரியுமா? 'புதிய இடத்தில் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருக்கலாம், கவலை வேண்டாம்.'

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு புல் வைக்கிறீங்க?"

"ஒரு கைப்பிடி சார்."

"அவங்க உடம்பு அளவுக்குக் குவியல் இருக்கணும். ஒவ்வொருத்தருக்கும். தீரவே கூடாது."

அப்புறம் உட்கார வைத்துச் சொன்னார். கினிப் பன்றிக்கு 20 பல், இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டுமல்ல, கடைவாயும். கரடுமுரடான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேயும். தேயாவிட்டால் கீழ்வரிசைப் பற்கள் உள்பக்கமாக வளைந்து நாக்கின் மேல் பாலம் மாதிரி மூடிவிடும், பிறகு விழுங்கவே முடியாது. குடலும் புல்லை நம்பித்தான் ஓடுகிறது. அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே அவசரம், ஒரு நாள் ஆனால் குடல் நின்றே போகலாம். அவற்றால் வாந்தியும் எடுக்க முடியாது. புழுக்கை குறைகிறதா என்று பாருங்கள், எடையை வாரம் ஒருமுறை அதே நேரத்தில் போடுங்கள் என்றார். நோட்டைக் காட்டினேன். "இதுதான் சார் வேணும்" என்றார். என் நோட்டைப் பாராட்டி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். வீட்டில் மிச்சம் இருக்கிற ஆன்டிபயாடிக் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், பென்சிலின் வகையை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, பிராணியும் சேர்ந்தே போய்விடும் என்று.

திமோத்தி என்கிற உலர்புல் ஒரு பெரிய மூட்டை வாங்கினோம். இரண்டு இடத்தில் குவியல், இரண்டு இடத்தில் பெல்லட், அதுவும் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுதான். விதையும் வண்ணமும் கலக்காத, ஒரே மாதிரி உருளைகளாக உள்ள பெல்லட்டில் பொறுக்க ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு பொத்தான் 517. அதற்கடுத்த ஞாயிறு 548.

வைட்டமின் சி சொட்டு மருந்து பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது என் கண்ணில் மதிப்பாகப் பட்டது அதுதான். நம்மைப் போலவே கினிப் பன்றி உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும், மூட்டு வீங்கி நடக்கச் சிரமப்படும், ரோமம் சொரசொரப்பாகும். ஆக, தேவை உண்மைதான். ஆனால் மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கலக்கச் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் தண்ணீரில் நின்ற வைட்டமின் சி சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் கூடும், அது சிறுநீர்ப்பைக்கு ஆகாது. யார் எவ்வளவு குடித்தார்கள் என்கிற கணக்கும் இல்லை. சிவப்புக் குடைமிளகாயில் 15 முதல் 20 கிராம் உள்ள ஒரு கீற்று வெட்டினால் உத்தேசமாக 20 மில்லிகிராம் வைட்டமின் சி வந்துவிடும். ஆளுக்கு ஒரு கீற்று, காலையில். சொட்டு மருந்து அலமாரியில் காலாவதியாகக் காத்திருக்கிறது. பெல்லட்டிலும் இந்த வைட்டமின் நாளாக ஆகக் குறையும் என்பதால் தயாரித்த தேதி முக்கியம். பெட்டியோடு வந்த தீனிப் பையில் அந்தத் தேதியே அச்சிடவில்லை.

மரச்சீவல் பையைப் பிரித்ததும் தச்சுப் பட்டறை வாசனை வந்தது. நல்ல வாசனைதானே என்று நினைத்தோம். வாசனை வருகிறதென்றால் பதப்படுத்தாத பைன் மாதிரியான மரம். அந்த வாசனைப் பொருள்தான் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவது. திண்டு அடுத்தடுத்துத் தும்மியதைச் சளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சீவலை எடுத்ததும் நின்றுவிட்டது. இப்போது அடியில் உறிஞ்சும் துணி, மேலே ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணி. ஃப்ளீஸை முதலில் மூன்று நாலு தடவை வெறும் சோப்பில் துவைத்தால்தான் ஈரத்தைக் கீழே விடும், மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. வாரம் இரண்டு துவையல். ஒட்டிய புல்லை உதற ஒரு தனிப் பொழுது. என் சட்டையில் புல் இல்லாத நாள் கிடையாது. ஃப்ளீஸ் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஆனால் தும்மலுக்கு இது தேவலை.

பந்து. ஹாம்ஸ்டர் என்கிற சின்ன எலி போன்ற பிராணிக்குச் செய்ததைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள். கினிப் பன்றியின் முதுகு அப்படி வளையாது, உள்ளே விட்டால் முதுகும் காலும் போய்விடும். என் மனைவி அதில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். வசதியாக இருக்கிறதாம். உப்புக்கட்டியை ஏழு மாதத்தில் ஒருவரும் நக்கவில்லை.

கையேடு பதினாறு பக்கம், அதில் ஏழு பக்கம் இதே கம்பெனியின் மற்ற பொருட்கள். 'தனியாகவும் வளர்க்கலாம், முயலோடும் வளர்க்கலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. இது கூட்டமாக வாழ்கிற பிராணி. ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றைக் கினிப் பன்றியாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை. முயல் துணை ஆகாது. ஓர் உதை போதும் முதுகெலும்புக்கு, தவிர முயல் ஒன்றும் ஆகாமல் சுமந்து திரிகிற போர்டெடெல்லா என்கிற கிருமி இவற்றுக்கு நிமோனியா தரும்.

அந்தக் கையேட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரு பக்கம் இல்லாததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம், பெரிய கூண்டு போட்ட அன்று. கம்பிச் சட்டங்களைக் கட்டி, பிளாஸ்டிக் அட்டையில் தொட்டி மாதிரி மடித்து, 140 க்கு 70 செ.மீ. அளவில் நானே செய்தது. திண்டை உள்ளே விட்டோம். ஒரு சுற்று நடந்தது, புல்லை முகர்ந்தது, திடீரென்று நின்ற இடத்திலிருந்து நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளல், காற்றில் உடம்பு முறுக்கி, தலை ஒரு பக்கம் பின்பக்கம் ஒரு பக்கம், விழுந்து, மறுபடி ஒன்று.

"அப்பா! திண்டுக்கு வலிப்பு!"

நான் செருப்பைத் தேடினேன், மனைவி மருத்துவர் எண்ணைத் தேடினாள். அதற்குள் பொத்தானும் துள்ள ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வலிப்பு வராது என்று அப்போதுதான் உறைத்தது. குஷி வந்தால் செய்வதாம், பாப்கார்ன் துள்ளல் என்றே பெயர். அதே மாதிரி, முகம் துடைக்கும் நேரத்தில் கண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளைத் திரவம் வருவதும், குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே மென்புழுக்கையை எடுத்துத் தின்பதும் நோய் இல்லை. முதலாவது அதன் முகம் கழுவும் தண்ணீர், இரண்டாவதில் குடல் தயாரித்த பி வைட்டமின்கள் இருக்கின்றன. மகளின் தோழிகள் வரும்போது மட்டும் அந்த இரண்டாவதைச் செய்யத் திண்டுக்கு ஒரு விசேஷ ஆர்வம்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. தண்ணீர் பாட்டில் அருமை. அரை லிட்டர், நுனியில் உலோக உருண்டை, ஏழு மாதமாக ஒரு சொட்டு கசிவில்லை. தினமும் காலையில் உருண்டையை விரலால் தட்டித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும், புல் துணுக்கு சிக்கினால் நின்றுவிடும். இதே மாதிரி இன்னொன்று வாங்கி எதிர் மூலையில் மாட்டியிருக்கிறேன்.

அடித்தட்டு அதைவிட உசத்தி. 15 செ.மீ. உயரம், கனமான பிளாஸ்டிக், மூலைகள் வளைவாக இருப்பதால் கழுவச் சுலபம். கம்பிக் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மட்டும், ஒரு பக்கத்தில் வாசல் அறுத்து, அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பெரிய கூண்டுக்குள் புல் தொட்டியாக வைத்திருக்கிறேன். தின்னும் இடத்திலேயே கழிப்பது இவற்றின் வழக்கம், ஆகவே பாதிக்கு மேல் அசுத்தம் இந்தத் தட்டோடு நின்றுவிடுகிறது. தினமும் இதை மட்டும் கொட்டிக் கழுவினால் ஃப்ளீஸ் மூன்று நாலு நாள் தாங்குகிறது.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கிவிட்டவர்கள் அந்தத் தீனிப் பையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். எங்களிடம் முடியாது என்றார்கள். கம்பெனி தட்டை மட்டும் தனியாக விற்றால் எனக்கு இன்னும் ஒன்று வேண்டும், திண்டு இப்போது 960 கிராம், பொத்தானோடு சேர்ந்து அதற்குள் உட்கார்ந்தால் புல்லுக்கு இடமில்லை.